ஐந்தாம் நம்பர் முதுகு

ஆகஸ்ட் 4

மாண்புமிகு மேனேஜர் அவர்களுக்கு,

இந்த வரியை எழுதிவிட்டுச் சிரித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அண்ணா, நீயா? பேப்பரில் உன் படத்தைப் பார்த்ததும் உனக்கு எங்கேயோ அடிபட்டுவிட்டது என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். உன் படம் வருவது அதற்கு மட்டும்தானே. அப்புறம் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்தவள், "மேனேஜராம்டி" என்று சொல்லிவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தாள். குக்கர் கத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை.

உன் வாழ்க்கை வரலாற்றை நான் எழுதுகிறேன், கேள். கோல் போடும் ஆளாகத்தான் சேர்ந்தாய். ஒரு சீசன் முழுக்க ஒன்றும் போடவில்லை. "நீ போட மாட்ட. அட்லீஸ்ட் அடுத்தவனப் போட விடாம நில்லு" என்று கோச் உன்னைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அன்றிலிருந்து பதினாறு வருஷம் பந்தோபஸ்து வேலை. மொத்தம் மூன்று கோல் போட்டாய், அதில் இரண்டு உன் அணியின் வலைக்குள். இப்படிப்பட்ட தடுப்பாட்டக்காரன் எங்கே தடுக்கி மேனேஜர் நாற்காலியில் விழுந்தான்?

மாமா என்ன சொல்கிறார்? இரட்டைக் கதவு என்று ஊரே உங்கள் இருவருக்கும் பேர் வைத்திருக்கிறது. ஒரு கதவு மட்டும் மேனேஜர் ஆனால் இன்னொரு கதவு என்ன செய்யும்? ஒன்பது வருஷம் உன் பக்கத்தில் நின்று ஆடின ஆள். நீ ஒருநாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தாய், அவர் அக்காவையே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதவுக்கு ஒரு கைப்பிடி உண்டு என்பது உங்களைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது எட்டு வயதிலேயே கண்டுபிடித்தேன். மாமாவுக்குச் சற்று முன்னால் நின்று, நீ இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பாய். விரல் மூடினால் மாமா ஒரு எட்டு முன்னால் ஏறுவார். விரல் விரிந்தால் பின்னால் இறங்குவார். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். இன்றுவரை சொல்லவில்லை. நான் காப்பாற்றின ஒரே ரகசியம் அதுதான்.

கடிதம் ஏன் என்று கேட்பாய். என் போன் அம்மாவின் பீரோவில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. பிரின்சிபால் குரலில் பேசிப் பள்ளிக்கு லீவு விட்டேன். பாதிப் பள்ளி நம்பிவிட்டது. ஒரு டீச்சரும் நம்பிவிட்டார், அதுதான் பிரச்சினை.

போனிழந்த உன் வாலு


ஆகஸ்ட் 10

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரின்சிபால் விஷயத்தில் அம்மா செய்தது சரி.

நடந்தது இதுதான். பயிற்சி நடுவில் பழைய மேனேஜருக்கும் கிளப் தலைவருக்கும் வாக்குவாதம். மேனேஜர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்கதான இருக்கறதுல சீனியர். பாத்துக்கங்க" என்றார். அன்று மாலை மட்டும் என்று நினைத்தேன். விசில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மறுநாள் பழக்கத்தில் வீரர்கள் அறைக்குப் போனேன். பேச்சு நின்றது. என் கொக்கியில் வேறொருவன் சட்டை தொங்கியது. நேற்றுவரை என்னை மொட்டை என்று கூப்பிட்ட கோல்கீப்பர் எழுந்து நின்று "சார்" என்றான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

முகாமில் எல்லோரும் போனைப் பெட்டியில் போட வேண்டும் என்று சட்டம் போட்டேன். சட்டம் எல்லோருக்கும்தானே சார் என்று அதே கோல்கீப்பர் கேட்டான். என் போனும் பெட்டிக்குள் போயிற்று. உனக்கும் எனக்கும் ஒரே சிறை.

மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறாய். அவர் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. மச்சான் என்றும் இல்லை, சார் என்றும் இல்லை. வாக்கியத்தைப் பாதியிலிருந்து தொடங்குகிறார்.

இத்தனை வருஷம் நடுவில் நின்று பார்த்த ஆட்டத்தை முதல் தடவையாகக் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறேன். சில விஷயங்கள் தெரிகின்றன. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அம்மாவிடம் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

அண்ணன்


செப்டம்பர் 3

அண்ணா,

இன்று காலையில் அழைப்பு மணி அடித்தது. பால்காரர் என்று பாத்திரத்தோடு போய்த் திறந்தேன். அக்கா. பின்னால் மாமா, இரண்டு பெரிய பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், கூண்டில் அவர்கள் வீட்டுக் கிளி. லீவுக்கா வந்தீர்கள் என்று கேட்டேன். அக்கா நேரே உள்ளே வந்து, கூடத்தில் மாட்டியிருந்த உன் படத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். என்னிடம் வழக்கமாக "என்ன வாலு, எத்தன இஞ்ச் வளந்துருக்க" என்று கேட்பாரே, அதைக் கேட்கவில்லை.

உன்னைப் பற்றி அக்கா சொன்னது ஒரே வாக்கியம். "அவன் அவர மூஞ்சியப் பாத்துகூட சொல்லல." அதற்கு மேல் கேட்டால் அழுகிறாள். என்ன சொல்லவில்லை? எதை முகம் பார்த்துச் சொல்லவில்லை? வீட்டிலிருக்கும் எல்லா போனிலும் உன் நம்பரைத் தடை செய்துவிட்டாள். அம்மா போனில் நானே திருட்டுத்தனமாக அடிக்கலாம் என்றால், அதை அக்கா இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள்.

மாமாவைத் தூக்கிவிட்டாயா? இல்லை என்று எழுது. நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன், எனக்கு மூளை குறைவு என்று எழுது, ஒத்துக்கொள்கிறேன்.

வாலு


செப்டம்பர் 10

வாலுக்கு,

தூக்கிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் நீயும் படத்தைத் திருப்புவாய்.

மாப்பிள்ளையின் வேகம் போய்விட்டது. உள்ளே நின்றபோது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என் வேகமும் கூடவே போயிருந்தது. இரண்டு பேரும் ஒரே அளவு மெதுவானதால் சரியாகப் பொருந்தியிருந்தோம். வெளியே நின்று பார்த்தால் எதிரணிப் பையன்கள் அவரைத் தாண்டிப் போகிறார்கள். அவர் பிடித்துவிட்டதாக நினைத்த இடத்தில் பந்து இல்லை. இரண்டு வாரம் பார்த்தேன். தூக்கம் இல்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன். அவர் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே தங்கச்சி, அதான் உன் அக்கா, சிரிக்கும் சத்தம் கேட்டது, திரும்பிவிட்டேன். மறுநாள் எல்லோரும் கூடியிருந்த அறையில், பலகையில் ஆட்டக்காரர் பேர்களை எழுதினேன். எல்லா இடமும் நிரம்பியது. எழுதிக்கொண்டே, திரும்பாமலே, இந்த சீசன் பின்வரிசை இதுதான் என்றேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் திரும்பியபோது அவர் இடம் காலியாக இருந்தது.

சிறுவர் அணிக்குக் கோச்சாக இருக்கும்படி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். தங்கச்சி மட்டும் வந்தாள். "இனிமே எனக்கு அண்ணன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினாறு வருஷம் நான் யாருக்கும் பயந்து பின்வாங்கியதில்லை. ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணா,

ஏழு மாசமாக உனக்கு எழுதவில்லை. கோபம். எழுதியிருந்தால் திட்டுகளுக்குப் பதில் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் வந்திருக்கும். இப்போதும் கோபத்தில்தான் இருக்கிறேன், ஆனால் நேற்றைய ஆட்டத்துக்குப் பிறகு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நம் ஊர் அணியில் ஒரு டிஃபென்டருக்குக் கால் உடைந்து, டிசம்பரில் மாமாவைச் சேர்த்துக்கொண்டார்களே, அன்றுதான் அவர் மறுபடி என்னிடம் எத்தனை இஞ்ச் என்று கேட்டார். அவருக்கு வேகம் இல்லை என்றாயே. இங்கே அவர் ஓடவே இல்லை, நிற்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே நின்றார். கடைசி ஆட்டம் உன் அணியோடு என்று தெரிந்ததும் ஊரே கணக்குப் போட்டது. சமன் ஆனால் போதும், நம் ஊருக்கு முதல் கோப்பை. நீ ஜெயிக்காவிட்டால் உன் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். அக்கா, "எறங்கட்டும்" என்றாள். அம்மா இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டாள்.

நான் நம் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ரெஃப்ரி விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம். பந்து உங்கள் ஆள் காலில். நம் பின்வரிசை நால்வரும் கோடு போட்ட மாதிரி ஒரே வரிசையில். திடீரென்று மாமா மட்டும் ஒரு எட்டு முன்னால் ஏறினார். நால்வரும் ஏறினால் உங்கள் ஆள் ஆஃப்சைடு, கோல் செல்லாது. ஒருவர் மட்டும் ஏறினால் சுவரில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக உங்கள் பையன் பந்தோடு நடந்தே போனான் என்று சொல்லலாம்.

கோல் விழுந்தது. மாமா ஒரு கையை மேலே தூக்கி ஆஃப்சைடு கேட்டுக்கொண்டு நின்றார். மொத்த வரிசையும் தன்னோடு ஏறிவிட்டது என்று நம்பின மாதிரி. அப்புறம் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

நீ அந்தக் கோலைப் பார்க்கவே இல்லை, தெரியுமா? மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன் பெஞ்சைப் பார்த்து நின்றாய். உன் ஆட்கள் வந்து உன்மேல் விழுந்த பிறகுதான் உனக்கே தெரிந்தது.

முதலில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை. "மச்சானுக்கு மொய் எழுதிட்டான்டா" என்று என் பின்னால் ஒருவன் கத்தினான். இன்று பள்ளிக்கூட வாசலில் அதையே பாட்டாகப் பாடுகிறார்கள். பந்து என்றால் சொந்தக்காரன் என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்று தமிழ் மிஸ் போன வருஷம் சொன்னபோது நான்தான் அதிகமாகச் சிரித்தவள்.

மாமாவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். லீக் விசாரணையாம். வேண்டுமென்றே விட்டார் என்று முடிவானால் அவர் இனி எங்கேயும் ஆட முடியாது, யாருக்கும் சொல்லித்தரவும் முடியாது. அக்கா கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "ஏன் ஏறினேன்னு எனக்கே தெரியல."

வாலு


ஏப்ரல் 26

வாலுக்கு,

அவருக்குத் தெரியும்.

இளைஞன் தப்புச் செய்வான். மாப்பிள்ளை அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். தனியாக ஏறக் கூடாது என்பது டிஃபென்டர் முதல் நாள் கற்கும் பாடம். அவர் வேண்டுமென்றே விட்டார். எனக்காக விட்டார். அறை நிறைய ஆட்கள் முன்னால் அவரை வெளியே அனுப்பினேன், அவர் மைதானம் நிறைய ஆட்கள் முன்னால் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறார்.

இங்கே கொண்டாட்டம். தலைவர் மாலை போட்டார். கழற்றி மேஜையில் வைத்தேன், நாற்றம் தாங்கவில்லை என்று சாக்குச் சொன்னேன். நான் கேட்காத வெற்றி இது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வேன். அது உண்மைதான்.

தங்கச்சி சாப்பிடுகிறாளா?

அண்ணன்


மே 1

அண்ணா,

உட்கார்ந்து படி. நான் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

முதலில் திருட்டைச் சொல்கிறேன். பரீட்சை முடிந்தும் அம்மா போனைத் தரவில்லை, ரிசல்ட் வரட்டும் என்கிறாள். அதனால் நேற்று மதியம் பீரோ சாவியை எடுத்துவிட்டேன். திரும்பும்போது சமையலறை வாசலில் அம்மா வழிமறித்து, "எங்கடி போயிட்டு வர்ற" என்றாள். சாவி இடது கையில். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலை இறுக்கி மூடினேன்.

சாப்பிட்ட தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்த மாமா, வழி இல்லாததால் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் கையை மூடினதும் ஒரு எட்டு முன்னால் வைத்து என்மேல் மோதினார். எல்லாத் தட்டும் தரையில். ஏன் மாமா இடிக்கிறீர்கள் என்று கேட்டேன். "நான் எங்க இடிச்சேன்? நீதான பின்னால வந்த" என்றார். விளையாடவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார்.

நான் என்ன போட்டிருந்தேன் தெரியுமா? வீட்டில் போடும் உன் பழைய ஜெர்சி. நம்பர் ஐந்து.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் குணம் உனக்குத் தெரியும், விட மாட்டேன். மாமா குனிந்து தட்டைப் பொறுக்கி நிமிர்ந்ததும், அவருக்கு முதுகைக் காட்டி நின்று, சாவியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மற்ற விரல்களை விரித்தேன். பின்னால் போய் ஃபிரிட்ஜில் இடித்துக்கொண்டார். மூடினேன். முன்னால் வந்தார். அம்மாவிடம், உடைந்த தட்டுக்குப் பதில் நான் வாங்கித் தருகிறேன் அத்தை என்று பேசிக்கொண்டேதான் இதெல்லாம் செய்தார். அவர் முகத்துக்குச் செய்தியே போகவில்லை. கால் மட்டும் கேட்டது. மறுபடி செய்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளங்கை வேர்த்துச் சாவி வழுக்கிக் கீழே விழுந்தது. அம்மா முதுகில் வைத்த அடி எனக்குச் சரியாக உறைக்கவில்லை.

ஒன்பது வருஷம் மைதானத்தில் அவர் பார்த்தது உன் முகத்தை இல்லை அண்ணா, உன் முதுகை. ஜெர்சிக்குப் பதில் மேனேஜர் கோட் போட்டாலும் அது அதே முதுகு. அந்தக் கடைசி நேரத்தில் நீ அவருக்கு முதுகைக் காட்டி நின்றாய்.

உன் இடது கை எங்கே இருந்தது?

வாலு


மே 6

வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபப்பட்டேன். இதுவும் உன் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு கிளப் எடுத்த வீடியோவை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

திரையில் நான் சின்னதாகத் தெரிகிறேன். மைதானத்துக்கு முதுகு. இடது கை பின்னால் இருக்கிறது, விரல்கள் தளர்வாக. மூடுகின்றன. மாப்பிள்ளை ஏறுகிறார்.

ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கை மூடுகிறது, அவர் ஏறுகிறார். நான் அந்தக் கையை மூடவில்லை, வாலு. அதாவது, மூடியது என் கைதான். எனக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பார்க்கப் பயந்து திரும்பி நின்றேன். பயத்தில் மூடியிருக்கும்.

அவர் பிச்சை போடவில்லை. எனக்குக் கட்டுப்பட்டார். எதிரணிச் சட்டை போட்டுக்கொண்டு.

தலைவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். சிரிப்பு நின்றது. எதிரணியை ஏமாற்ற மேனேஜர் சைகை காட்டினால் ஆட்டம் ரத்து, மறுபடி ஆட வேண்டும் என்று விதி இருக்கிறது. என்னைத் தடை செய்வார்கள். மறுபடி ஆடி ஜெயிப்போம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. "உங்க கைய யாரு கேட்டா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க" என்றார் தலைவர். அவர் கெட்டவர் இல்லை. இங்கே சின்னப் பையன்கள் இருக்கிறார்கள், கீழே இறங்கினால் பாதிப் பேரை அனுப்ப வேண்டிவரும்.

மாப்பிள்ளை எப்படியும் ஓய்வு பெறும் வயதுதானே என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அடிக்காமல் எழுதியிருக்கிறேன், நீ என்னைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யோசிக்கிறேன்.

அண்ணன்


மே 9

மேனேஜருக்கு,

யோசி. நன்றாக யோசி. நீ யோசிக்கும்போது இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மாமா நேற்று மூளை டாக்டரிடம் போய்வந்தார். தனக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று நம்புகிறார். காலையில் மொட்டை மாடியில் தன் கால்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். தன் காலைத் தானே நம்பாத டிஃபென்டரை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? ஊர் அவரைத் திருடன் என்கிறது. அவர் தன்னைப் பைத்தியம் என்கிறார். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசித்துச் சொல்.

நான் அக்காவிடம் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பது ஒரு காரணம். பிரின்சிபால் குரலில் லீவு விட்டவள் நான். விசாரணையில் போய் நின்றால் என்னைத் தின்பண்டம் கொடுத்து வெளியே உட்காரவைப்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவை என் கையில் ஒரு நிஜம் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நீதான் என் வாய்.

இன்னொரு காரணம், மாமா இதை உன் வாயால் கேட்க வேண்டும். பலகையைப் பார்த்து இல்லை.

பின்வரிசையில் நின்றவன் பின்வாங்கலாமா என்று முதலில் எழுதினேன். நல்ல வரிதான். ஆனால் சிரிப்பு வரவில்லை.

வாலு


மே 16

வாலுக்கு,

முந்தாநாள் விசாரணை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லீக் அலுவலகத்தில் மாடி அறை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். எதிரே நாற்காலிகள். மாப்பிள்ளை கடைசி வரிசையில் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார், மடியில் டாக்டர் கொடுத்த உறை. என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எங்கள் தலைவர் என் பக்கத்தில்.

ஆட்டக்காரருக்கு நீங்கள் ஏதாவது சொல்லி அனுப்பினீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போகலாம் என்றார்கள். தலைவர் எழுந்துவிட்டார். நான் எழவில்லை.

சொன்னேன். கை, விரல், ஒன்பது வருஷம், எல்லாம். தலைவர் மறுபடி உட்கார்ந்தார். வீடியோவையும் கொடுத்தேன். அவர்கள் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மச்சான் கைய மூடினா மாப்பிள்ள கால் ஏறுமா? இதென்ன பொம்மலாட்டமா?" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நானும் சிரித்திருப்பேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். மாப்பிள்ளை எனக்குப் பின்னால். விதிப்படி மறு ஆட்டம் எப்போது வைப்பீர்கள் என்று ஏதோ கேட்டேன். அவர்கள் பதில் சொல்லத் தொடங்கினார்கள். நான் இடது கையைப் பின்னால் வைத்து விரலை மூடினேன்.

நாற்காலி நகர்ந்தது. பேசிக்கொண்டிருந்தவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்து நிறுத்திவிட்டார். நான் விரலை விரித்தேன். மறுபடி நாற்காலிச் சத்தம்.

"ஒங்கள யாரு எந்திரிக்கச் சொன்னது?" என்று அவர் மாப்பிள்ளையைக் கேட்டார்.

"யாரும் சொல்லலையே" என்றார் மாப்பிள்ளை. "நான் எந்திரிக்கலையே சார்."

அவர் மடியிலிருந்த உறை தரையில் கிடந்தது, நாற்காலியிலிருந்து ஒரு எட்டு முன்னால். அது எப்படி அங்கே வந்தது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணால் இவ்வளவுதான் பார்த்தேன், முழுதாகத் திரும்ப முடியவில்லை. ஒரு மனிதரை அத்தனை பேர் முன்னால் துரத்திவிட்ட பிறகும் அவர் கால்கள் என்னை நம்பிக்கொண்டிருக்கின்றன. அந்த நம்பிக்கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளைமேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வேண்டுமென்றே காட்டவில்லை என்பதை ஏற்றுக்கொண்டாலும் கை என் கைதான் என்றார்கள். ஆட்டம் ரத்து, இந்த ஞாயிறு நம் ஊரில் மறு ஆட்டம். எனக்கு ஒரு வருஷம் கோட்டுக்கு அருகில் நிற்கத் தடை. அதற்குப் பிறகும் விசில் என்னிடம் இருக்குமா என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. தலைவர் என்னை விட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

தாழ்வாரத்தில் மாப்பிள்ளை வந்து நின்றார். நான் பழக்கத்தில் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன்.

"மச்சான், இந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். "அன்னிக்குப் பலகையப் பாத்து சொன்னத இப்ப என்னப் பாத்து சொல்லுங்க."

திரும்பினேன். "வேகம் போயிடுச்சு மாப்பிள்ள. ஒங்களுக்கும் போயிடுச்சு, எனக்கும் போயிடுச்சு" என்றேன்.

"எனக்கும் தெரியும்" என்றார். "நீங்க சொல்லுவீங்கன்னுதான் காத்துட்டு இருந்தேன்."

அவர் மச்சான் என்று கூப்பிட்டதை ரயில் பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன்.

அண்ணன்


மே 19

அண்ணா,

உன் கடிதம் வரும் முன்பே மாமா வந்துவிட்டார். கூடத்தில் நின்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்து செய்து காட்டினேன். மாமா ஏறினார், இறங்கினார். இந்தத் தடவை தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டே. பார்த்தும் நிறுத்த முடியவில்லை. சிரித்தார், அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. அம்மா என்னை அடிக்கவும் மறந்து, போனைத் தரவும் மறந்துவிட்டாள்.

ஞாயிறு ஆட்டத்தில் அவர் ஆடுகிறார். அதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அவரே கிளப்பில் சொல்லிவிட்டார். நம் ஊர் அணி ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பேரைத்தான் முதலில் எழுதியிருக்கிறது. உன் அணியை அவர் ஜெயிக்கவிட மாட்டார், அதையும் சொல்லச் சொன்னார். "மச்சான்கிட்ட சொல்லு, இந்தத் தடவ மொய் கெடையாதுன்னு."

அக்கா மட்டும் கிளிக் கூண்டுப் பக்கம் போய்விட்டாள். உன் படம் திரும்பியேதான் இருந்தது. நீ கோட்டுக்கு அருகில் நிற்க முடியாது, கூட்டத்தில்தான் உட்கார வேண்டும் என்று நான் சத்தமாக, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், நீ பயத்தில் திரும்பினால் மாமா கண்ணில் உன் முதுகு படும், உன் கையை யார் பார்த்துக்கொள்வது என்றும் கேட்டேன். கிளிக்குப் பழம் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

இன்று காலை கூடத்துக்கு வந்தால் படம் நேராக இருந்தது. கண்ணாடி துடைத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்:

"அவன என் பக்கத்துல வந்து ஒக்காரச் சொல்லு. அந்தக் கைய நான் புடிச்சுக்கறேன்."

வாலு